பெருமிதமும் செருக்கும்

ஆங்கிலத்தில் 'பிரவுட்', 'அராகன்ட்' என இரு சொற்கள் உள்ளன. இரண்டும் தன்னை உயர்வாக எண்ணும் ஒருவரின் இயல்பைக் குறிப்பன. 'பிரவுட்' பெரும்பாலும் பாராட்டாக வரும். சிற்சில இடங்களில் இகழ்ச்சியாகவும் வரும். 'அராகன்ட்' என்றுமே இகழ்ச்சிதான்.

தமிழில் இந்தத் தடுமாற்றம் இல்லை. முன்னது பெருமிதம், பின்னது செருக்கு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்தார். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் அது தோன்றும் இடங்கள் என்றார். பிறரைத் தாழ்த்துதல் அந்நான்கனுள் இல்லை என்பதை நோக்குக.

பெரியாறு சூழ்ந்த ஏலூரில் தொழிற்சாலைப் பணிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. கண்ணகியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கொடுங்கல்லூர் அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. 'சிலப்பதிகாரம் சேர நாட்டு இளங்கோவடிகள் இயற்றியது' என்று ஏலூர் மாணவி ஒருத்தி வகுப்பில் மகிழ்ந்து கூறினால் அது பெருமிதம். அந்த மகிழ்ச்சியில் அவளுடைய மலையாளத் தோழிக்கும் பங்குண்டு. சேர நாடு அவளுடைய ஊரும் அல்லவா? 'உன் மொழி என் மொழியிலிருந்து வந்ததுதானே!' என்று அத்தோழியை எள்ளினால் அது செருக்கு. தமிழ் 2004-இலும் மலையாளம் 2013-இலும் செம்மொழி எனும் தகுதி பெற்றன. ஒன்பது ஆண்டுகள் முந்தியதைச் சொல்லிக் காட்டுவதும் செருக்கே.

பேருந்தில் தாயிடம் தமிழில் பேசக் கூசுவோரும் உளர். அதனை அடக்கம் என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது அச்சம்.