பேனுக்குப் பூச்சிமருந்தா?

போன வாரம் மெட்ராஸ்ல இருந்து மகள் போன் பண்ணினாள். "உங்க ஊருக்கு வந்துட்டுப் போனதுல பிள்ளை தலை பூரா பேனுப்பா." பேத்தி இங்கே இருந்ததே பத்து நாள்தான். முதல் தடவை பேன் பிடிச்சா அரிப்பு எடுக்கவே நாலு, ஆறு வாரம்கூட ஆகும். எங்கே ஒட்டுச்சுன்னு யாரு கண்டா? தலையோட தலை உரசினா ஏறும், அவ்வளவுதான். பேன் தாவாது, பறக்காது. குளிச்ச தலை, குளிக்காத தலைன்னு பார்க்காது. தண்ணி வராத எங்க திருச்சுழிப் பக்கமும் அதுக்கு ஒண்ணுதான், ஷவர் உள்ள வீடும் ஒண்ணுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. அசிங்கம்னு நினைச்சு அவசரப்படும்போதுதான் தப்பு நடக்குது. எங்க சின்ன வயசுல பருத்திக்குத் தூவுற பி.எச்.சி. பொடியை அக்கா தலையில தேய்ச்சுத் துணியால கட்டிவிட்டாள் அம்மா. அந்தப் பொடியை 1997-ல் அரசாங்கமே தடை செய்தது. இன்னைக்கும் வயலுக்கு அடிச்ச மிச்ச மருந்தையோ மண்ணெண்ணெயையோ பிள்ளை தலையில தடவுற வீடுகள் இருக்கு. காத்து திசை பார்த்து, மூக்கைக் கட்டிக்கிட்டு மருந்து அடிக்கிறவன் நான். அது தோல் வழியா உள்ளே போகும்யா. பிள்ளைத் தலை என்ன பருத்திச் செடியா?

எங்க வீட்டுக்காரி வழி இதுதான். தேங்காய் எண்ணெயை நல்லா தடவி, வெயில் வெளிச்சத்துல உட்கார வைத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை இழுப்பாள். காதுக்குப் பின்னாடி, பிடரியில்தான் கூட்டம். வெள்ளையா இருக்கிறதெல்லாம் ஈர் இல்லை. தட்டினா உதிர்ந்தா பொடுகு, முடியோட ஒட்டிக்கிட்டு வராம நின்னா ஈர். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள். அதனால ஒரு தடவை வாரிட்டு விட்டா பிரயோஜனமில்லை. மூணு, நாலு நாளுக்கு ஒருதரம், ரெண்டு வாரம் விடாம வாரணும். வீட்டுல எல்லார் தலையையும் அன்னைக்கே பார்க்கணும், அப்பா தலை உட்பட.

மருந்துதான் வேணும்னா மருந்துக்கடையில் ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன் கேளுங்க. ஒன்பது, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை போடணும். கைக்குழந்தைன்னா டாக்டரைக் கேட்காம வேண்டாம். அதே பெர்மெத்ரின் பயிருக்கும் உண்டு, அது வேற அளவு, வேற கூட்டு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. தலையை விட்டு விழுந்த பேன் ரெண்டு நாளுக்கு மேல பிழைக்காது, மெத்தையை எரிக்க வேண்டியதில்லை. தலையணை உறையைச் சுடுதண்ணியில அலசினா போதும்.

மகளிடம் இதைச் சொன்னேன். "அவ்வளவு நேரம் எங்கப்பா இருக்கு?" என்கிறாள். திண்ணையில் வரிசையா உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்த ஊர்க்காரி மகள்தான் அவள். அருப்புக்கோட்டையில் பேன் சீப்பு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவ அம்மா அதோட பஸ் ஏறுறாள்.