தெள்ளு எங்கே குடியிருக்கிறது?

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஏலத்தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு நான்கு மாதம் மலைமேல் தங்கிவிட்டு, கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் இருக்கையில் இறங்கிவந்து பூட்டிய வீட்டைத் திறந்தனராம். உள்ளே நுழைந்த கால் மணி நேரத்திற்குள் பிள்ளைகளின் கணுக்காலெல்லாம் தடிப்பு. “நாய் இன்னும் ஜீப்பிலிருந்தே இறங்கவில்லை, அதற்குள் தெள்ளுப்பூச்சி எங்கிருந்து வந்தது?” என்று கேட்கிறார். தோட்டத்தில் அடித்து மீந்த மருந்து ஒரு புட்டி இருக்கிறது. அதை நாயின்மேல் தேய்க்கும்படி அண்டை வீட்டார் கூறுகின்றனர். தேய்க்கலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

இரண்டாவதற்கு முதலில் விடை கூறிவிடுகிறேன். கூடாது அம்மா, ஒரு சொட்டும் கூடாது. ஏலச்செடியின் பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்து, நாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். வாயில் எச்சில் வடிந்து, உடல் நடுங்கி, மூச்சுத் திணறி அது இறக்கக்கூடும். அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தையின் கையிலும் அதே நஞ்சுதான் ஒட்டும். மண்ணெண்ணெய் தேய்ப்பதும் அவ்வாறே தவறு, தோல் வெந்துபோகும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். தெள்ளு நாயின்மேல் இருந்து இரத்தம் குடிக்கிறதே தவிர, அதன் குடும்பம் அங்கே வளர்வதில்லை. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை உப்புக்கல்போல் உதிர்ந்து, நாய் படுக்கும் சாக்கிலும் தரைப் பிளவிலும் விழும். அங்கே புழுவாகிக் கூடு கட்டும். கூட்டுக்குள் இருப்பது, உணவு வரும் அடையாளம் தெரியும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. காலடி அதிர்ச்சியும், உடலின் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் உடனே வெளிப்பட்டுக் குதிக்கும். பூட்டிய வீட்டைத் திறந்தபோது நடந்தது இதுவே. நாய்மீது பழி போட்டது பாவம்!

போடியின் கோடைவெயிலில் தெள்ளின் புழு உலர்ந்து மடியும். அதற்கு ஈரக்காற்று வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறிவிட்டாலோ, சாரலும் பனிமூட்டமும் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுக்கின்றன. ஆகவே மலைவீட்டில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும்.

செய்ய வேண்டியது இது. நாயின் சாக்கைக் கொதிநீரில் முக்கி எடுத்து, வெயிலில் நன்கு காயப்போடுங்கள். வாரம் ஒருமுறை தவறாமல் செய்யுங்கள். மலையில் வெயில் கிடைக்காத நாளில் கொதிநீர் ஒன்றே போதும். கட்டிலடி, அடுப்படி மூலை, திண்ணைப் பிளவு எல்லாவற்றையும் நாள்தோறும் பெருக்கி, குப்பையை உடனே எரித்துவிடுங்கள். நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை பூசுங்கள். இல்லையேல் தெள்ளெல்லாம் ஓடிக் காதில் புகும். பிறகு உடல் முழுதும் நுரை தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். பேன் சீப்பால் வாரி, சிக்கியதைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செந்நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு.

இரவில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, நடுவில் அகல்விளக்கை ஏற்றித் தரையில் வைப்பது பழைய வழி. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால், காலையில் பத்து இருபது மிதக்கும். அது கண்ணுக்குத் திருப்தி தரும், கூட்டை ஒழிக்காது.

பூனை வளர்ப்போருக்கு ஒரு சொல். யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம், வேப்பெண்ணெய் ஆகியவற்றைப் பூனைமேல் பூசாதீர்கள். அது தன் உடலை நக்கியே தூய்மை செய்வதால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பூனைக்குச் சீப்பு ஒன்றே மருந்து. சீத்தாப்பழ விதைப் பொடியும் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தெள்ளு விலகுமென்று நாய்க்குப் பூண்டு ஊட்டுவோரும் உண்டு; அதன் இரத்த அணுக்கள் சிதையும்.

கடிதத்தின் ஓரத்தில் “பரணில் எலிச் சத்தம்” என்று குறித்திருக்கிறார் சகோதரி. இதைத்தான் நான் கவலையோடு படித்தேன். எலித் தெள்ளே பிளேக் நோயைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். நம் கம்பம் பள்ளத்தாக்கும் அந்நோயை அறியாத பூமியன்று. அங்கு நடந்த பிளேக் ஆய்வு 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. இன்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள், தானியத்தை மூடிவையுங்கள்.

மூன்று வாரக் குட்டியொன்றும் சோர்ந்து கிடக்கிறதாமே. அதன் ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு இரத்தத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டது என்று பொருள். கைவைத்தியத்திற்கு நேரமில்லை, கடிதம் கிடைத்த அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். பெரிய நாய்க்கும் வீட்டுக்கும் நான்கு வாரம் விடாமல் மேற்கூறியதைச் செய்யுங்கள். கூட்டில் உறங்குபவை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்குமாதலால் இரண்டாம் வாரத்தில் சலித்து விட்டுவிடாதீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தரைப் பிளவுகளையும் சிமெண்டு வைத்து அடைத்துவிடுங்கள்.