வீட்டுக் கடனை விரைந்து அடைக்கலாம். எதைக் கொண்டு அடைப்பது?

அண்மையில் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுக்கொள்ளப் பள்ளிக்கு வந்த ஒரு தந்தையார், மகனின் கணிதப் புள்ளிகளைப் பார்த்த பின்னும் எழுந்து செல்லவில்லை. சற்றுத் தயங்கியபின், "டீச்சர், கணக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சேமநிதியில் முப்பதாயிரம் வெள்ளி இருக்கிறது. எடுத்து வீட்டுக் கடனில் கட்டிவிடலாமா? கடன் இருக்கும்வரை தூக்கமே வருவதில்லை" என்றார்.

அவர் நாற்பதைக் கடந்தவர், தொழிற்சாலை ஊழியர், மூன்று பிள்ளைகளின் தந்தை. அன்று நான் கூறிய மறுமொழி அரைகுறையானது. வீடு திரும்பியதும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கணக்கிட்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அவருடைய அச்சம் எனக்குப் புதிதன்று. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். நாங்கள் வளர்ந்தது தோட்டத்து லயத்து வீட்டில். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாற்றப்பட்டும் போன காலத்தில், எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறின. அத்தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்குச் சொந்த வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அன்று. எவரும் நம்மை எழுப்பி அனுப்ப முடியாது என்னும் உறுதி. ஆகவே கடனை விரைவில் முடிக்க விரும்புவோரை, "வட்டிக் கணக்குத் தெரியாதவர்" என்று எள்ளி நகையாட எனக்கு மனம் வருவதில்லை.

என் கருத்து இதுதான்: வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது நன்று. ஆனால், அதை மாத வருமானத்தின் மிச்சத்தைக் கொண்டு அடைக்க வேண்டும். முதுமைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் உரிய சேமிப்பைக் காலி செய்து அடைக்கலாகாது.

முதலில், விரைந்து அடைப்பதன் பயனைப் பார்ப்போம். 300,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 4 விழுக்காட்டு வட்டி, 30 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 1,432 ரிங்கிட். முதல் மாதத் தவணையில் 1,000 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 432 ரிங்கிட் மட்டுமே. 15 ஆண்டுகள் தவறாமல் கட்டி முடித்த பின்னும், அதாவது ஏறக்குறைய 258,000 ரிங்கிட் செலுத்திய பின்னும், அசலில் 193,000 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி இருக்கும். பாதிக் காலம் கடந்தால் பாதிக் கடன் தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பிழையான எண்ணம்.

இதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்தே 200 ரிங்கிட் கூடுதலாகக் கட்டினால் என்னவாகும்? 30 ஆண்டுக் கடன் 23 ஆண்டு 9 மாதங்களில் முடிந்துவிடும். வட்டியில் ஏறக்குறைய 50,000 ரிங்கிட் மிச்சமாகும். வட்டி அசலின் மீது கணக்கிடப்படுவதால், தொடக்க ஆண்டுகளில் அசலைக் குறைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் மீதமுள்ள ஆண்டுகள் முழுவதும் வட்டியைக் குறைத்துக்கொண்டே செல்கிறது. ஆறாம் ஆண்டு மாணவருக்கு விழுக்காட்டைக் கற்பிக்கும் நாம், நம் சொந்தத் தவணைக்கு அதைப் போட்டுப் பார்த்ததுண்டா?

இனி அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டோரின் ஊழியர் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதிதாகச் செலுத்தப்படும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்கும் செல்கின்றன. வீட்டுக் கடனைக் குறைப்பதற்குச் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். பிள்ளைகளின் உயர்கல்விக்கும் கடும் நோய்ச் சிகிச்சைக்கும் எடுப்பது அதே கணக்கிலிருந்துதான் என்பதை மறந்துவிடலாகாது. இன்று வீட்டுக் கடனில் போட்ட பணத்தை, நாளை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் திரும்பக் கேட்டால் வங்கி கொடுக்குமா? வீட்டை விற்க வேண்டும். இல்லையேல் மறுகடன் வாங்க வேண்டும்.

கணக்கும் அவருக்குச் சாதகமாக இல்லை. சேமநிதி வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் இலாப ஈவு வழங்கியது. 4 விழுக்காட்டுக் கடனை அடைக்க, 5.5 விழுக்காடு ஈட்டும் பணத்தை எடுப்பது இலாபமாகாது. 30,000 ரிங்கிட் 15 ஆண்டுகளில் 4 விழுக்காட்டில் ஏறக்குறைய 54,000 ஆகும், 5.5 விழுக்காட்டில் ஏறக்குறைய 67,000 ஆகும். ஆனால், இலாப ஈவு எந்நாளும் இப்படியே இருக்கும் என்று கூறிவிட முடியாது. வழக்கமான சேமிப்புக்குச் சட்டம் உறுதியளிப்பது 2.5 விழுக்காடு மட்டுமே.

2020 முதல் 2022 வரை, பெருந்தொற்றுக் காலச் சிறப்புத் திட்டங்களின்வழி 145 பில்லியன் ரிங்கிட் சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று வேறு வழியில்லாமல் எடுத்தவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால், ஒருமுறை காலியான கணக்கு மறுபடியும் நிரம்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. வங்கிக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில் அமைந்தது. பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதத்திற்குள் 3 விழுக்காட்டுக்கு ஏறியது. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது. கடன் வட்டி சேமநிதி ஈவை நெருங்கினாலோ, ஓய்வு பெற்ற பிறகும் தவணை தொடரும் என்றாலோ, சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக் கடனைக் குறைப்பது நியாயமே. ஒரு பகுதியை என்கிறேன், முழுவதையும் அன்று.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். அரசாங்க வீடமைப்புக் கடனின் விழுக்காடு நான்காக நிலைத்திருப்பதாலும், தவணை சம்பளத்திலேயே கழிக்கப்படுவதாலும் நாம் அதை மறந்தே விடுகிறோம். ஓய்வு பெற்றபின் மாத ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டாது; தவணையோ குறையாது. நமக்கு வட்டியைவிட ஓய்வு பெறும் நாளே முக்கியம். அந்நாளுக்கு முன் கடன் முடியும்படி இன்றே திட்டமிட வேண்டும்.

விரைந்து அடைக்க விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கடன்பற்று அட்டையில் பாக்கி இருந்தால் அதையே முதலில் தீர்க்க வேண்டும். அதன் வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை செல்லும். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டும்போது, அது அசலில் கழிக்கப்படுமா, அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாகப் பதியப்படுமா என்று வங்கியில் கேட்டு, எழுத்துவழி உறுதிசெய்துகொள்ள வேண்டும். முன்பணமாகப் பதிந்தால் நாம் எதிர்பார்க்கும் வட்டிக் குறைவு கிடைக்காமல் போகலாம். கடனை முன்கூட்டி முழுமையாக முடித்தால், தொடக்கச் சில ஆண்டுகளுக்கு அபராதக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

இறுதித் தவணையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 16N படிவத்தைப் பதிந்து, பட்டாவின் மீதுள்ள வங்கியின் பிணையை நீக்க வேண்டும். இதனைச் செய்யாமல் விட்டுவிட்டால், பெற்றோரின் காலத்திற்குப் பின் பிள்ளைகள்தாம் நில அலுவலகத்திற்கும் வழக்கறிஞரிடத்திற்கும் அலைய வேண்டியிருக்கும்.

அந்தத் தந்தையாரை அடுத்த வாரம் பள்ளி வாயிலில் கண்டபோது இக்கணக்கை எழுதிய தாளைக் கொடுத்தேன். "சேமநிதி அப்படியே இருக்கட்டும். மாதம் நூறு வெள்ளி கூடுதலாகக் கட்டப் பாருங்கள்" என்றேன். "நூறு வெள்ளி கட்டலாம் டீச்சர், அது முடியும்" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகனை மோட்டார்சைக்கிளில் ஏற்றிச் சென்றார்.

சொந்த வீட்டில் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். நம் எல்லாருடைய விருப்பமும் அதுவே. கடன் தீர்ந்த வீட்டிலும், அறுபது வயதில் அரிசி வாங்கப் பணமில்லை என்றால் உறக்கம் வராது. இரண்டையும் சேர்த்தே எண்ணுவோம்.