வீட்டு கேசட்டில் பதிவான பாட்டு... பல வருஷம் கழிச்சும் ஏன் பேசப்படுது?

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் உருவான கதை, 2025 அக்டோபரில் திரைப்படமாகவே வந்தது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

1982 ஜனவரி. நியூஜெர்சி வீட்டின் படுக்கையறையில், 4 டிராக் கேசட் ரெக்கார்டரில் பாடி வைத்த மாதிரிப் பதிவு அது. இசைக்குழுவோட ஸ்டுடியோவில் வாசிச்சுப் பார்த்தும் அந்த உணர்வு வரல. கடைசியில் கேசட்டே ஆல்பமானது.

என்ன கதை சொல்லுது?

'ஜானி 99' பாட்டில், கார் ஆலை மூடி வேலை போன ஒருவர் போதையில் கொலை செய்கிறார். கடனையும், வங்கி கைக்குப் போகும் வீட்டையும் நீதிபதியிடம் சொல்கிறார். ஆனா, தான் நிரபராதின்னு சொல்லல. தண்டனை 99 வருஷம்.

நியூஜெர்சியில் மாவா ஃபோர்டு ஆலை நிஜமாகவே 1980-ல் மூடப்பட்டது. 1982 இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம். அந்த எண்ணுக்குப் பின்னால இருந்த ஒரு ஆளோட குரல்தான் இந்தப் பாட்டு.