பன்னிருவர் மீது வழக்கு, நூற்று மூவருக்கு நாடுகடத்தலா?



2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் மீனவர்கள் கண்ட, மியன்மாரின் ரோஹிங்கியா அகதிகள் வந்த படகு, மறுநாள் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த 115 பேரில் 12 பேர் ஆட்கடத்தல் சந்தேகத்தில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட மற்ற 103 பேர் ஜமாலியா முஸ்லிம் மகா வித்தியாலயத்தில் தங்கவைக்கப்பட்டு, பின்பு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அதன் பின் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால இந்தப் படகு வந்ததை ஆட்கடத்தல் என்றார். எல்லோரையும் மியன்மாருக்குத் திருப்பி அனுப்பும் பேச்சும் அடிபட்டது. திருப்பி அனுப்புவதை நான் ஆட்சேபிக்கிறேன்.

"குற்றம் செய்த வெளிநாட்டுக்காரனுக்கு நாங்கள் ஏன் சோறு போடவேணும்? ஏற்றி அனுப்புங்கோ" என்று மீன் சந்தையிலும் தேநீர்க்கடையிலும் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பாரதூரமான குற்றம் செய்து தண்டனை பெற்ற அந்நியரை அவரவர் நாட்டுக்கு அனுப்புவது பல நாடுகளில் நடப்பதுதான். பிரித்தானியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்தச் சொல்கிறது. அங்கேயும் முதலில் வழக்கு, பிறகு தீர்ப்பு, அதன் பின்னரே விமானம். அகதிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு.

இங்கே பன்னிருவர் மீதான குற்றம் 2025 ஜனவரிவரை நிரூபிக்கப்படவில்லை. 103 பேர் மீது அந்தக் குற்றச்சாட்டே இல்லை. நடந்தது ஆட்கடத்தல் என்றால் கடத்தப்பட்டவர்கள் இவர்கள்தானே? அவர்களையே குற்றவாளியாக்கி அனுப்புவது என்ன நீதி?

1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை சேரவில்லை என்று சிலர் சட்டம் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சமவாயமாவது, பாரதூரமான குற்றத்துக்கு இறுதித் தீர்ப்புப் பெற்று, சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பவரைத் திருப்பி அனுப்ப இடம் விட்டிருக்கிறது. இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் அந்த இடமும் கிடையாது. சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் அனுப்பாதே என்கிறது அதன் 3ஆம் உறுப்புரை; எவரையும் என்றால் குற்றவாளியையும்தான்.

மியன்மார், 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ரோஹிங்கியரை நாடற்றவராக்கிய நாடு. 2017இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களாதேஷுக்கு ஓடியது அந்த நாட்டு இராணுவத்துக்குப் பயந்து. 2021இல் ஆட்சியைப் பிடித்ததும் அதே இராணுவம். அவர்களிடம் போய் "இவர்கள் உங்கள் ஆட்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்து, 1964இல் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதி அவர்களைப் பங்குபோட்ட நாடு இலங்கை. நாடற்றவராக்குவது என்றால் என்னவென்று நமக்கு விளக்கிச் சொல்லவேண்டுமா?

திருப்பி அனுப்பு என்று கத்தும் தமிழருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக நம்மவர்கள் பொய் சொன்னார்கள், வந்தது ஜெர்மனியிலிருந்து. பொய் வெளிப்பட்டதும் அங்கும் கோபக்குரல் எழுந்தது. ஆனாலும் கனடா அவர்களை வைத்துக்கொண்டது. இன்று ரொறன்ரோவிலிருந்து வரும் காசில் வீடு கட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பன்னிருவரின் வழக்கைத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளையே கேப்பாப்புலவு முகாம் வாசலில் திருப்பி அனுப்பியது வெட்கக்கேடு. அவர்களையும் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தினரையும் உள்ளே விட்டு, 103 பேரிடமும் தனித்தனியாக விசாரிக்க அரசாங்கம் இடங்கொடுக்க வேண்டும். அது முடியும்வரை அவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி மியன்மாரோடு பேசுவதை நிறுத்த வேண்டும்.

வாசகர்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை.
ஜனவரி 2025