விற்கும் வீட்டுக்கு எந்த அணி?

விற்கப் போகும் வீட்டை அணிசெய்து காட்டுதல் தகுமோ என்று சென்ற ஆண்டு எவரேனும் என்னைக் கேட்டிருந்தால், "பண்டம் நல்லதாயின் அணி எதற்கு?" என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பேன். இன்று அவ்வாறு சொல்லத் துணியேன்.

ஸ்கந்தபுரத்தில் என் அயல் வளவு என் பழைய மாணாக்கர் ஒருவருடையது. ரொறன்ரோவில் வாழும் அவர், தாயார் காலமான பின் அதனை விற்க வந்திருந்தார். எங்கள் சுற்றாடலில் அப்பொழுது மூன்று வளவுகள் விலைக்கு நின்றன. வாங்க வந்தவர்கள் இவருடைய படலையில் நின்றே திரும்பினர். முற்றத்தில் காவோலைக் குவியல். விறாந்தையில் உடைந்த கதிரைகளும் துருவேறிய தகரங்களும். யன்னல்களோ ஆண்டுக்கணக்காகத் திறவாதவை. நல்ல கூரையும் நல்ல சுவரும் அக்குப்பையுள் மறைந்து கிடந்தன.

"ஐயா, அங்கே வீடு விற்பதற்கென்றே தளபாடங்களை வாடகைக்கு எடுத்து வைப்பார்கள், குடும்பப் படங்களைக் கழற்றிவிடுவார்கள்" என்றார் அவர். அமெரிக்காவில் 1972இல் பார்ப் சுவார்ஸ் என்னும் அம்மையார் தொடக்கியதாகச் சொல்லப்படும் தொழில் இது. பார்க்க வருபவர் அச்சுவரில் தம் குடும்பப் படத்தை மனத்தால் மாட்டிப் பார்க்க வேண்டுமாம். நுட்பமான யோசனைதான். ஆயினும், தாயாரின் படத்தை அவர் கழற்றியபோது நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

நான்கு நாளில் குப்பை அகன்றது. 2008இல் எறிகணைச் சிதறல் பட்ட வடுக்கள் சீமெந்தால் அடைக்கப்பட்டன. அதில் நான் குற்றம் காணேன். அது பழுது பார்த்தல். குசினிச் சுவரில் மாரிதோறும் ஊறும் ஈரத்தின்மேல் வர்ணம் பூச அவர் முனைந்தபோதுதான் எங்களுக்குள் வழக்கு மூண்டது. "எல்லாரும் செய்வதுதானே, ஐயா?" என்றார்.

தண்டியலங்காரம் பொருளணிகளைத் தன்மையணியில் தொடங்குகிறது: உள்ளதை உள்ளவாறே அழகுறக் கூறுதல். (அப்பாடத்தின்போது இவர் உறங்கியிருக்க வேண்டும்.) விற்கும் வீட்டுக்கு அந்த ஓரணி போதும். குப்பையை நீக்கினால் உள்ள வீடு தெரியும். ஈரத்தை மறைத்தால் இல்லாத வீடு தெரியும். "தம்பி, நீர் விமானம் ஏறிவிடுவீர், அடுத்த மாரியில் வாங்கியவரின் முகத்தில் விழிப்பவன் நான்" என்றேன். அரைமனத்துடன் தூரிகையை வைத்தார்.

இங்கே வேறொன்றும் உண்டு. வன்னிக் குடியேற்றங்களிற் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. உரிய அனுமதியின்றி விற்க இயலாதவை. பத்திரம் சீரில்லையேல் வர்ணத்தால் ஆவது ஒன்றுமில்லை. இவர் அனுமதியை முன்னரே பெற்றிருந்தார்.

வந்தவர்கள் இளம் கமக்காரத் தம்பதியர். அப்பெண் விறாந்தையை ஒருமுறை நோக்கிவிட்டு நேரே கிணற்றடிக்குச் சென்று, வாளியால் அள்ளிச் சுவைத்துப் பார்த்து, "ஆவணியிலும் தண்ணீர் நிற்குமா?" என்று வினவினார். "குறையும், ஆனால் வற்றாது" என்றார் இவர். கேளாமலே குசினிச் சுவரையும் காட்டினார். திருத்தச் செலவு கழிக்கப்பட்டு விலை முடிவாயிற்று.

மற்ற இரு வளவுகளும் இன்னும் விலைபோகவில்லை. அவற்றின் முற்றத்துக் காவோலையைக் காணும்போதெல்லாம், உடையவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று தோன்றுகிறது.