இரக்கம் மட்டும் போதுமா?

சென்ற கிழமை என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகிலே 11 ஆண்டுகளாகப் படிப்பித்து வருகின்றாள். அவளோடு பயிற்சி பெற்றவர்களிற் சிலர் சாதாரண வகுப்புகளுக்கு மாறிச் சென்றுவிட்டனர். "நீ ஏன் போகவில்லை?" என்று வினவினேன். சற்று யோசித்தாள். "ஒரு பிள்ளை, ஐயா, தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டப் பழகுவதற்கு இரண்டு வருடம் எடுத்தான். இனிச் சப்பாத்துக் கயிறு கட்டப் பழக வேண்டும். அதைப் பாராமல் எப்படிப் போவது?" என்றாள்.

இத்தகைய ஆசிரியர்களைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் தியாகம், தொண்டு, தெய்வப்பணி என்னும் சொற்களை நாம் தாராளமாக வழங்குகின்றோம். அவளோ அவற்றுள் ஒன்றையேனும் சொல்லவில்லை.

இத்துறைக்கு வருவோர் யாவரும் இரக்கத்தால் உந்தப்பட்டே வருகின்றனர் என்பது உண்மையன்று. ஹெலன் கெலரின் ஆசிரியை ஆன் சலிவன் வறுமையிலே பிறந்தவர், பார்வை குன்றியவர், ஏழைகள் விடுதியிலே தம்பியைப் பறிகொடுத்தவர். 1886 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரத்துப் பார்வையற்றோர் பாடசாலையிலிருந்து கல்வி முடித்து வெளியேறியபோது, அவருக்குப் பிழைப்புக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கிடைத்த வேலை, அலபாமா மாநிலத்திலே பார்வையும் செவிப்புலனும் இழந்த, ஏழு வயது நிரம்பாத சிறுமிக்குப் போதிப்பது. 1887 மார்ச்சிலே அவ்வீட்டு வாசலை மிதித்தவர், 1936 இல் இறக்கும்வரை தம் மாணவியின் துணையாகவே வாழ்ந்தார். பிழைப்புக்காக வந்தவர் 49 ஆண்டுகள் நிலைத்து நின்றார்.

ஆயினும் அவருக்கு வாய்த்தவள் ஓர் அரிய மாணவி. உலகம் அவ்வெற்றியைக் கண்டு வியந்தது. வெற்றி அவ்வாறு வெளிப்படாத இடத்திலே ஒருவரை நிறுத்தி வைப்பது எது?

1800 ஆம் ஆண்டு பிரான்சிலே காட்டிலிருந்து வெளிப்பட்ட சிறுவன் ஒருவன் பாரிஸ் நகரத்துச் செவிப்புலனற்றோர் கல்வி நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டான். இத்தார் என்னும் இளம் வைத்தியர் அவனுக்கு விக்ரர் எனப் பெயரிட்டு, பேச்சுக் கற்பிக்கப் பல்லாண்டு முயன்றார். பேச்சு வரவில்லை. 1806 இல் தம் இரண்டாவது அறிக்கையை எழுதிய பின்னர் அவர் முயற்சியைக் கைவிட்டார். அவர் வகுத்த முறைகள் வீண்போகவில்லை. செகான் வழியாக மொண்டிசோரி அம்மையாரை வந்தடைந்தன. ஆனால், என் மனம் செல்வது அச்சிறுவனைப் பராமரித்த கெரான் அம்மையாரிடமே. சாப்பாட்டு மேசையிலே யாவருக்கும் தட்டு வைப்பது விக்ரரின் வேலை. அம்மையாரின் கணவர் இறந்தபோதும் வழக்கம்போல அவருக்குரிய இடத்திலே தட்டை வைத்தான். அம்மையாரின் துயரத்தைக் கண்டான். தட்டை எடுத்து அலுமாரியிலே வைத்தான். பின்னர் ஒருபோதும் அவ்விடத்திலே வைக்கவில்லை. இதனை எழுதிவைத்தவர் இத்தாரே. பேசாத பிள்ளை பிறர் நோவை அறிந்துகொண்டான். எந்தப் பரீட்சையிலே இதற்குப் புள்ளி உண்டு? 1828 இல் விக்ரர் இறக்கும்வரை அவனோடு இருந்தவர் அந்த அம்மையார்.

இரக்கம் ஒருவரை வகுப்பு வாசல்வரை அழைத்து வரும். ஆனால் அது பிள்ளையிடம் இல்லாததையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிடும். நிலைத்து நிற்பவர் நேற்று இல்லாதது இன்று வந்திருப்பதைக் காணும் கண்ணுடையவர். அந்தக் கண் ஒரு நாளில் வருவதன்று. ஒரே பிள்ளையோடு பல நாட் பழகித்தான் வரும்.

அந்தப் பழக்கத்தைக் குலைப்பவர்கள் நாமே. நானும் அக்குற்றத்திற்கு உரியவன். அதிபராக இருந்த காலத்திலே, வேறு வகுப்பு ஆசிரியர் வராத நாட்களில், "அங்கே போய்ப் பாருங்கள், உங்களுக்கு நாலைந்து பிள்ளைகள்தானே" என்று விசேட வகுப்பு ஆசிரியையைப் பலமுறை அனுப்பியிருக்கின்றேன். அவர் முறையிடவில்லை. மறு ஆண்டு மாற்றம் பெற்றுச் சென்றார். அவருக்குப் பொறுமை போதவில்லை என்றே அன்று எண்ணினேன். புலமைப்பரிசிற் சித்திகளை எண்ணிப் பழகிய எனக்கு, அவர் எண்ணி வந்தவை எவை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே, அதிபர்களும் கல்வி அதிகாரிகளும் இவ்வாசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு முன் அவர்களின் நேரத்தை அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும். பயிற்சிக் கலாசாலைகளிலே பயிலும் இளையோருக்கும் ஒரு வார்த்தை: பெரிய மனம் வேண்டுமே என்று அஞ்சி இத்துறையை விட்டு விலகாதீர்கள். கூர்ந்து பார்க்கும் ஆவல் இருந்தால் வாருங்கள். மற்றவை பழகப் பழக வரும்.

விடைபெறும்போது என் மாணவி, "தவணை முடிவிலே ஒருநாள் வந்து பாருங்கள், ஐயா. அதற்குள் முதல் முடிச்சாவது போட்டுவிடுவான்" என்றாள். போகத்தான் எண்ணியிருக்கின்றேன்.